பழைய காருக்குப் புதிய கார்பெட்டும் டோர் பேடும்: முதன்முறை செய்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

பழைய காரின் உட்புறத்தைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கார்பெட்டின் நிறத்தைத் தேர்வு செய்வதிலிருந்து தொடங்குகிறார்கள். ஆனால் முதல் கவனம் அதற்கு அடியில் இருக்கும் தகரத்துக்கே போக வேண்டும். நான் முதன்முதலில் கார்பெட் போட்ட காரில், கண்ணாடி ரப்பர் வழியாக நீர் இறங்குவதைக் கவனிக்காமல் அனைத்தையும் ஒட்டி முடித்தேன். இரண்டு மழைக்குள் ஓட்டுநர் பக்கம் முழுவதும் ஊறி நாற்றமெடுத்தது. ஒட்டியதையெல்லாம் கிழித்தெடுத்து, மறுபடியும் தகரத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். துருவேறிய சீட் போல்ட்டுகளுக்கு முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தால், மறுநாள் போல்ட் தலை உடையாமல் கழலும். சீட், சீட் பெல்ட், கதவடிப் பட்டை, கியர் உறை, ஹேண்ட்பிரேக் உறை என்ற வரிசையில் கழற்றிக்கொண்டே போங்கள். ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்து, அதன் போல்ட்டுகளைத் தனிப் பையில் இட்டு, எங்கிருந்து எடுத்தது என்று பையின் மேல் எழுதி வையுங்கள். பழைய கார்பெட் எவ்வளவு கிழிந்திருந்தாலும் தூக்கி எறிய வேண்டாம், ஏனெனில் புதியதை வெட்டுவதற்கு அதுதான் அளவு. முன்பக்கம் எது, இடப்பக்கம் எது என்று அதன் பின்புறத்தில் சுண்ணக்கட்டியால் குறித்து வையுங்கள்.

அடியில் இருக்கும் பழைய மெத்தையையும் பசையையும் சுரண்டி எடுத்தபின், தரைத் தகரத்தை ஸ்க்ரூ டிரைவர் முனையால் அங்கங்கே அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் அந்த இடத்துக்கு வெல்டிங் தேவை. அது முடியும்வரை கார்பெட்டைப் பற்றி நினைக்கவே வேண்டாம். மேல்துரு மட்டும் என்றால் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு மாற்றும் திரவம் பூசி, பிரைமரும் பெயின்ட்டும் அடித்தால் போதும். தரையிலுள்ள ரப்பர் அடைப்பான்கள் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது நீர்ச் சோதனை. ஒருவர் டார்ச் விளக்குடன் காருக்குள் அமர்ந்திருக்க, மற்றொருவர் வெளியிலிருந்து ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் நிதானமாக நீர் விட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழிந்தோடும் நீர் எல்லா இடங்களையும் ஒரே நேரத்தில் நனைத்துவிடுவதால், ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. முன்கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள், கதவு ரப்பர், ஒயர்கள் உள்ளே நுழையும் துளைகள், கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் பெட்டியில் இலைதழை அடைத்த வடிகால் ஆகியவைதான் வழக்கமாக நீர் புகும் இடங்கள். மழையே இல்லாமல் முன்பக்கத் தரை ஈரமாகி, அந்த ஈரம் வழவழப்பாகவும் இனிப்பு மணத்துடனும் இருந்தால், ஹீட்டரிலிருந்து கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது என்று பொருள்.

தகரம் முழுவதும் உலர்ந்தபின் அதிர்வு அடக்கும் பியூட்டைல் ஷீட்டை (ஒருவகை ரப்பர் தாள்) ஒட்டலாம். விரலால் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலிக்கும் அகன்ற தட்டையான பகுதிகளில் மட்டும் ஒட்டி, உருளையால் நன்றாக அழுத்துங்கள். பரப்பில் கால் பங்கிலிருந்து பாதி வரை மூடினாலே அதிர்வு பெருமளவு அடங்கிவிடும். போல்ட் துளைகளையும் வடிகால்களையும் மூடிவிடாதீர்கள். அதன் மேல் விரிக்க, நீரை உறிஞ்சாத மூடிய நுண்ணறை ஃபோமையே நான் பரிந்துரைப்பேன். சணல் மெத்தை ஒலியை நன்றாக அடக்கினாலும், ஒருமுறை நனைந்தால் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைத்துக்கொண்டு தகரத்தை அரிக்கவிடும்.

மடித்து வந்த கார்பெட்டை இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் விரித்து வைத்தால் மடிப்புகள் தளரும். பசை இல்லாமல் முதலில் எல்லாத் துண்டுகளையும் வைத்துப் பாருங்கள். நடுவிலுள்ள கியர் மேட்டிலிருந்து தொடங்கி இரு பக்கமும் செல்ல வேண்டும். இழைகள் எல்லாத் துண்டுகளிலும் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே நிறம் இரண்டு நிறமாகத் தெரியும். கியர் துளையைச் சிறிய கீறலாகத் தொடங்கிப் பின்புறத்திலிருந்து சிறிது சிறிதாகப் பெரிதாக்குங்கள். கூடுதலாக வெட்டியதைத் திரும்பச் சேர்க்க வழியில்லை.

வெப்பம் தாங்கும் கான்டாக்ட் பசையைத் தகரத்திலும் கார்பெட்டின் பின்புறத்திலும் பூசி, 10 முதல் 15 நிமிடங்கள், அல்லது டப்பாவில் குறிப்பிட்டுள்ள நேரம் வரை, காத்திருங்கள். கதவுகள் திறந்தே இருக்கட்டும், அருகில் தீ எதுவும் இருக்கக் கூடாது. விரலின் பின்புறத்தால் தொட்டால் பிசுபிசுப்பு தெரிய வேண்டும், ஆனால் பசை விரலோடு வரக் கூடாது. அதுவே சரியான பதம். இந்தப் பசை தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும் என்பதால், இரண்டுக்கும் நடுவே ஒரு பழுப்புத்தாளை வைத்து, கார்பெட்டை இடம்பார்த்து அமைத்தபின் தாளை அங்குலம் அங்குலமாக உருவியபடியே கையால் நீவி அழுத்துங்கள். கால் வைக்கும் தட்டையான தரைத் துண்டுகளை ஒட்டவே வேண்டாம். பிரஸ் பட்டன் வைத்துப் பொருத்தினால், நனைந்தபோது எடுத்து உலர்த்தலாம்.

போல்ட் துளைகளைக் குத்தூசியால் தேடிக் கண்டுபிடித்து, கத்தியால் சிறிய பெருக்கல் குறி போலக் கீறுங்கள். டிரில் மெஷினை அங்கே கொண்டு போகவே கூடாது. அதன் முனையில் ஓர் இழை சிக்கினால் போதும், கண் இமைக்கும் நேரத்தில் அந்த வரிசை இழை முழுவதையும் சுருட்டி இழுத்துக்கொண்டு, கார்பெட்டின் நடுவே வழுக்கைக் கோடு விழுந்துவிடும். சீட் பெல்ட் போல்ட்டுக்கு அடியில் கார்பெட் அகப்படக் கூடாது. அங்கே வட்டமாக வெட்டி நீக்கி, இரும்போடு இரும்பு படும்படி, கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். ஆக்சிலரேட்டரை இறுதி வரை அழுத்தி விட்டுப் பாருங்கள். தடித்த கார்பெட்டில் மிதி சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

கதவின் உட்புறத்தை மூடும் பலகையான டோர் பேடுக்கு வருவோம். கண்ணாடி இறக்கும் கைப்பிடியைப் பல கார்களில் குதிரைலாட வடிவக் கிளிப் ஒன்று பிடித்திருக்கும். கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவே மெல்லிய பருத்தித் துணியை நுழைத்து, இரு முனைகளையும் பிடித்து மாறி மாறி இழுத்தால் கிளிப் தெறித்து வரும். மறு கையால் மறைத்துக்கொள்ளுங்கள். பேடுக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் தாள் வெறும் உறை என்று எண்ணி எறிந்துவிடாதீர்கள். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் பேடின் ஹார்ட்போர்டு பலகையை ஊறவைத்து நெளியச் செய்யாமல் காப்பது அதுதான். கிழிந்திருந்தால் புதிய தாளை ஒட்டி, அதன் கீழ் ஓரம் கதவின் உட்பக்கம் செல்லுமாறு விடுங்கள். பழைய பலகையை அச்சாக வைத்து 3 மி.மீ. பலகையில் வரைந்து வெட்டி, மெல்லிய ஸ்பாஞ்ச் ஒட்டி, ரெக்சினை நடுவிலிருந்து ஓரங்களுக்கு இழுத்து மடித்து ஒட்டுங்கள். மூலைகளில் சிறு முக்கோணங்களாக வெட்டி நீக்கினால் மடிப்பு தடிக்காது.

சீட்டுகளைக் கடைசியாக ஏற்றுங்கள். முதல் பெருமழைக்குப் பிறகு தரைத் துண்டைத் தூக்கி, அடியில் தகரத்தைக் கையால் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.