எண் 98 ஆனதும் நிம்மதி அடையாதீர்கள்: வீட்டில் ஆக்சிஜன், பைபேப் வைத்திருப்போர் செய்யும் தவறுகள்

பீடிப் புகை, விறகடுப்புப் புகை, ரைஸ்மில் தூசு என்று நுரையீரல் கெட்டுப்போன சிஓபிடி (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்) நோயாளிகள் நம்ம திருநெல்வேலிப் பக்கம் ஊருக்கு ஊர் உண்டு. பீடியைத் தொட்டே பார்க்காத ஆச்சிகளுக்கும் வருகிறது. காலமெல்லாம் அடுப்பு ஊதியதே காரணமாகிவிடும்.

இவர்கள் வீட்டில் நடக்கும் பெரிய தவறு இது. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்க விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 89 காட்டும். பார்க்க வந்த சொந்தக்காரர், "கொஞ்சம் கூட்டி வைங்க, ஆச்சிக்கு மூச்சு முட்டுதுல்லா" என்பார். கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மிஷின்) குமிழைத் திருகி நிமிடத்துக்கு 2 லிட்டரை 5 ஆக்குவார்கள். எண் 98 ஆகும். ஆச்சியும் அசந்து தூங்குவார். அந்தத் தூக்கம்தான் ஆபத்து.

மூச்சை முழுதாக வெளியேற்ற முடியாமல் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும் நோயாளிக்கு மருத்துவர்கள் வைக்கும் இலக்கே 88 முதல் 92 வரைதான். அதற்கு மேல் ஏற்றினால் அந்த வாயு இன்னும் கூடும். காலையில் தலைவலி, பகலெல்லாம் மயக்கத் தூக்கம், கை உதறல், பேச்சுக் குழறல், கடைசியில் நினைவே தப்பலாம். ஆக்சிமீட்டர் இதைக் காட்டாது. தமனி ரத்தத்தில் எடுக்கும் ஏபிஜி பரிசோதனைதான் காட்டும். அதற்காகப் பயந்து ஆக்சிஜனை அடியோடு நிறுத்திவிடவும் கூடாது.

ஆக்சிஜன் கொடுப்பது வேறு, மூச்சுவிடும் வேலையில் கைகொடுப்பது வேறு. மாஸ்க் வழியே காற்றை அழுத்தித் தரும் மிஷினான பைபேப், மூச்சை இழுக்கும்போது அதிக அழுத்தமும் விடும்போது குறைந்த அழுத்தமும் தரும். அந்த வித்தியாசம்தான் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. சிபேப் என்ற இன்னொரு மிஷின் தருவது இரண்டு நேரமும் ஒரே அழுத்தம். முக்கியமாக, தூக்கத்தில் தொண்டை அடைபடுபவர்களுக்கானது. விலை குறைவென்று அதை வாங்கினால் ஆச்சிக்குப் பயன்படாது. மூக்கு வழியே நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை வெதுவெதுப்பான ஈரக்காற்றை அனுப்பும் ஹை ஃப்ளோ சுகமாக இருக்கும், சாப்பிடலாம், பேசலாம். ஆனால் வாயு தேங்கி ரத்தம் அமிலமாகிவிட்டால் முதலில் பைபேப்தான்.

டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே பைபேப்புக்கு அலைய வேண்டியது எல்லோருக்கும் இல்லை. 2 முதல் 4 வாரம் கழித்து ஏபிஜி பார்த்து, வாயு அப்போதும் இறங்காமல் இருந்தால்தான் முடிவு. அப்படிப்பட்டவர்களை வைத்து 2017இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஆக்சிஜன் மட்டும் வைத்தவர்கள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேரவோ இறக்கவோ ஆன இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்கு அதற்குள் நடந்துவிட்டது என்று அர்த்தம்) 1.4 மாதம்; பைபேப்பும் சேர்த்தவர்களுக்கு 4.3 மாதம். சரியான ஆளுக்குக் கொடுத்தால் அவ்வளவு பலன். பக்கத்து வீட்டுக்காரருக்கு வைத்த அழுத்தத்தை அப்படியே வைப்பதெல்லாம் வேண்டாம்.

மாஸ்க்கில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். காற்று ஒழுகுகிறதென்று நினைத்து அதில் பிளாஸ்திரி ஒட்டிவிடுகிறார்கள். விட்ட மூச்சு வெளியேறும் வழியே அதுதான்!

ஆக்சிஜன் ஓடும் அறையில் பீடியும் விளக்கும் கூடவே கூடாது.

ஆள் குழம்பிப்போனால் தாமதிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மிஷினையும் மாஸ்க்கையும் கையோடு எடுத்துப்போங்கள். ஆம்புலன்சில் ஏறியதும், "சிஓபிடி, கரியமில வாயு தேங்கும், 88-92 போதும்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்று முதலில் சொல்லிவிடுங்கள்.