இளைப்பாறும் விளையாட்டு வீரரை வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வரையத் தொடங்கியவர்கள் காட்டும் கோட்டோவியங்களில் ஒரே வகைப் பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அளவு பிசகுவது போன்றவை பயிற்சியில் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஓய்வு என்றாலே தோளைத் தொங்கவிடுவது

படத்தையே கெடுத்துவிடும் பிழை இதுதான். இன்றும் இதைக் கண்டால் எனக்குப் பொறுப்பதில்லை. களைத்தவரின் தோள் தொங்கத்தான் வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, எதிரே அமர்ந்திருப்பவரைப் பாராமல் கோட்டைக் கீழே இழுத்துவிடுகிறார்கள். ஆனால் முன்கைகளைத் தொடைமேல் ஊன்றி அமர்பவரின் மேலுடல் எடை கைகளின் வழியே தொடைக்கு இறங்குவதால், தோள்கள் காதுகளை நோக்கி உயர்கின்றன. மார்புக்கூடு அவற்றுக்கிடையே தாழ்கிறது. உரோமில் 1885-இல் கண்டெடுக்கப்பட்ட, அமர்ந்த குத்துச்சண்டை வீரரின் பழங்கால வெண்கலச் சிலையும் முன்கைகளைத் தொடைகளில் ஊன்றியே இருக்கிறது. நவீன முறையில் வரைபவரும் அதன் முன் நின்று எடை இறங்கும் வழியைப் பின்தொடர்ந்து பார்ப்பது நல்லது.

ஒரு வகுப்பில், பயிற்சி முடித்த மல்யுத்த வீரர் முக்காலியில் குனிந்து அமர்ந்திருந்தார். மாணவர் ஒருவர் அவருடைய வயிற்றுத் தசைகளைக் கட்டம் கட்டமாக வரைந்தார். அங்கே உண்மையில் தெரிந்தவையோ தோல் மடிப்புகள் மட்டுமே. இருக்கையில் அழுந்தி, அடியில் தட்டையாகி, பக்கவாட்டில் விரிந்திருந்த தொடையை, நிற்பவரின் தொடைபோல் உருட்டி வரைந்தார். முக்காலியைக் கடைசியில் சேர்த்தபோது உருவம் அதன்மேல் அமராமல் மிதந்தது. உடல் எதன்மேல் அழுந்துகிறதோ அந்தக் கோட்டை முதலில் வரைந்திருந்தால், மற்றவை அதற்கேற்ப அமைந்திருக்கும்.

பார்ப்பதற்கு முன்பே சுருக்குவது

கோடுகளைக் குறைத்துவிட்டாலே நவீனத்துவம் வந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். 1913-ஐ ஒட்டி இலண்டனில் மல்யுத்த வீரர்களை வரைந்த பிரெஞ்சுச் சிற்பி ஹென்றி கோடியே-பிரெஸ்கா, நிழலின்றித் தனிக்கோட்டிலேயே உடலின் திரட்சியைக் காட்டினார் என்றால், தசை எங்கே இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்பதை நேரில் பார்த்துத் தேர்ந்தெடுத்ததே அதற்குக் காரணம். பாராமல் விடப்பட்ட கோடு வெறும் குறையாகவே நிற்கும்.

முகம்

களைப்பை முகத்தில் மட்டும் ஏற்றாதீர்கள்.

சீருடை

துணி இழுபடும் இடங்களை மட்டும் வரையுங்கள்.

தலையிலிருந்து தொடங்குவது

ஆட்டம் முடிந்த முதல் சில நிமிடங்களில் மூச்சு இறைப்பதால் விலாவும் வயிறும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். தலையில் தொடங்கி ஒவ்வொன்றாக இறங்கி வருபவர் மார்பை அடைவதற்குள் மூச்சு அடங்கி, வீரர் சாய்ந்து அமர்ந்துவிடுகிறார். ஒரே உருவத்தில் இரு வேறு அமர்வுகள் ஒட்டாமல் நிற்கின்றன. ஆகவே விலாக்கூட்டின் சாய்வையும் இடுப்பின் சாய்வையும் முதலில் பிடித்துவிடுங்கள், தலை காத்திருக்கலாம்.