பையன ஸ்டேஷனுக்கு கூட்டிட்டுப் போயிட்டாங்களா, அந்த ஃபைல எடுத்துட்டு ஓடுங்க

மனவளர்ச்சி குறைபாடோ மனநோயோ இருக்குற புள்ளைய போலீஸ் பிடிச்சா நிறைய வீட்டுல பண்ற தப்பு, "பைத்தியம்னு பேராயிடும்"னு விஷயத்த மறைக்கிறது. மறைக்காதீங்க. யுடிஐடி கார்டு (அரசு தர்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை), டாக்டர் சீட்டு, ஐக்யூ டெஸ்ட் ரிப்போர்ட், மாத்திரை அட்டை, பர்த் சர்டிபிகேட், ஸ்கூல் டிசி எல்லாத்தையும் நாலு செட் ஜெராக்ஸ் போட்டு இப்பவே ஒரு ஃபைல்ல வச்சிடுங்க, ராத்திரி பதினோரு மணிக்கு எந்த கடையும் திறந்திருக்காது.

முதல்ல வயசு. சம்பவம் நடந்த அன்னிக்கு 18 முடியலைன்னா 2015 இளைஞர் நீதிச் சட்டம்தான், லாக்கப்புல வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள்ள இளைஞர் நீதிக் குழுமம் (18 வயசுக்குக் கீழ உள்ளவங்க கேஸ பாக்குற அமைப்பு) முன்னாடி கொண்டு போகணும். பெரியவங்களுக்கு லேசுல ஜாமீன் கிடைக்காத கேஸா இருந்தாலும் பொதுவா ஜாமீன் தரணும்ங்கறதுதான் அங்க விதி. வயசுக்கு ஸ்கூல் சர்டிபிகேட், அது இல்லன்னா மாநகராட்சியோ பஞ்சாயத்தோ குடுத்த பிறப்புச் சான்று, ரெண்டும் இல்லாம போனாதான் எலும்பு எக்ஸ்ரே, அதுல ஒண்ணு ரெண்டு வயசு முன்னபின்ன ஆகும், அதனால ஸ்கூலுக்கே போகாத புள்ளைக்கும் பிறப்புச் சான்ற வாங்கி வச்சிடுங்க.

அடுத்து புள்ளையோட நிலைய ஸ்டேஷன்ல மனுவா எழுதிக் குடுங்க, வாயால சொன்னா "எல்லாரும் இததான் சொல்றாங்க"ன்னு போயிடுவாங்க. மனுவுல ரெண்டையும் குழப்பாதீங்க: மனநோய்னா மருந்து இருக்கு, நிறுத்தினா முத்தும், மனவளர்ச்சி குறைபாடு பொறந்ததுலேர்ந்தோ சின்ன வயசுலேர்ந்தோ இருக்குறது, மாத்திரையால மாறாது. இந்தப் புள்ளைங்க விஷயத்துல நாம பயப்பட வேண்டியது என்னன்னா கேக்குற எல்லாத்துக்கும் ஆமாம்பாங்க. "நீதான எடுத்த?" ஆமா. "அவன்தான எடுத்தான்?" அதுக்கும் ஆமா. அதட்டுறவங்க போனா போதும்னு தலையாட்டிட்டு, வீட்டுக்கு எப்போ போலாம்னு கேப்பாங்க. போலீஸ் கிட்ட ஒத்துக்கிட்டத கோர்ட்டுல அப்படியே ஆதாரமா எடுத்துக்க முடியாது, ஆனாலும் வக்கீல் வர்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்து, கைநாட்டு வேண்டாம்னு மனுவுலயே எழுதிடுங்க. சாட்சியா விசாரிக்கணும்னாலும் மாற்றுத்திறனாளிய ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி கட்டாயப்படுத்த முடியாது, வீட்டுக்கு வந்துதான் கேக்கணும்.

வக்கீலுக்கு காசு இல்லையா, இலவச சட்ட உதவி நம்பர் 15100க்கு அடிங்க, இல்லன்னா கோர்ட் வளாகத்துலயே இருக்குற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ்ல கேளுங்க, குழந்தைக்கும் மாற்றுத்திறனாளிக்கும் வருமானம் பாக்காம இலவசம். சின்னப் புள்ளைன்னா குழந்தைகளுக்கான உதவி நம்பர் 1098ம் இருக்கு.

18 தாண்டினவன்னா மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்துற அன்னிக்கே வக்கீல மனு போடச் சொல்லுங்க, தன் கேஸ தானே நடத்திக்க முடியாத நிலைன்னு. பிஎன்எஸ்எஸ் (இப்போ இருக்குற குற்ற விசாரணை முறைச் சட்டம்) 367ம் பிரிவு, அதுக்கு முன்னாடி இருந்த பழைய சட்டமான சிஆர்பிசில 328. டாக்டர் பரிசோதிச்சு உண்மைன்னு ஆனா விசாரணைய தள்ளி வைக்கலாம், வீட்டு ஆளுங்க பொறுப்பேத்துக்கிட்டா ஜாமீன்ல விடவும் வழி இருக்கு. ரிமாண்ட் ஆயிட்டா அன்னிக்கே மாத்திரை சீட்ட ஜெயில் டாக்டர் கைக்கு சேர்த்துட்டு, குடுத்ததுக்கு ஒரு காப்பில சீல் வாங்கிக்கங்க.