மண் கரைவதில்லை, கலங்குகிறது: துணியில் மண்வண்ணம் தீட்டுவோர் செய்யும் தவறுகள்

நான் முதன்முதலாக மண்ணால் வண்ணம் தீட்டியது ஒரு காடாத் துணிப்பையில். திருச்செந்தூர் போய்த் திரும்பும் வழியில் குதிரைமொழித் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், அள்ளிவந்த செம்மண், கொஞ்சம் வேலம் பிசின், தண்ணீர். இவ்வளவுதான் சரக்கு. பையில் ஒரு மயில் வரைந்தேன், பார்க்க நன்றாகவே இருந்தது. மூன்றாம் நாள் மழையில் நனைந்தபோது மயில் பையை விட்டு என் வேட்டிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், வேட்டியில் ஒட்டிய அந்தச் செங்கறை எத்தனை வெளுப்புக்கும் அசையவில்லை. பையில் நிற்காத மண் வேட்டியில் மட்டும் எப்படி நின்றது என்று யோசித்த பிறகுதான் இந்த வேலை எனக்குப் பிடிபட ஆரம்பித்தது.

மண்ணைச் சாயம் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. அவுரியும் மஞ்சிட்டியும் சாயங்கள். அவற்றின் நிறம் தொட்டிநீரில் கரைந்து நூலிழைக்குள் இறங்கிவிடும். மண் கரையாது. கரைந்தது என்று நாம் சொல்வது கலங்கியதைத்தான். செம்மண்ணுக்கு நிறம் தருவது ஹேமடைட், மஞ்சள் மண்ணுக்கு நிறம் தருவது கோத்தைட். இரண்டும் இரும்பின் சேர்மங்கள், இரண்டும் நீரில் கரையாதவை. வெயிலுக்கு இவை வெளிறாததற்கும் அந்த உறுதியே காரணம். விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலையில் பாறைமேல் காவியால் தீட்டிய உருவங்கள் இன்றும் சிவப்பாகத்தான் இருக்கின்றன. ஆனால் பாறையை யாரும் மடிப்பதில்லை, துவைப்பதில்லை. துணியில் மண் நிற்க வேண்டுமானால் ஒன்று, இழைகளின் இடுக்குக்குள் புகும் அளவுக்கு அது நுண்ணியதாக இருக்க வேண்டும். இன்னொன்று, அதைப் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். "மாலி நாட்டில் வெறும் சேற்றால் துணியில் வரைகிறார்களே, அது போவதில்லையே" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. போகோலன் எனப்படும் அந்தத் துணியை முதலில் துவர்ப்புச் சத்து மிகுந்த இலைச்சாற்றில் நனைக்கிறார்கள். பிறகுதான் நெடுநாள் புளிக்கவைத்த, இரும்புச் சத்துள்ள சேற்றால் வரைகிறார்கள். சேற்றிலுள்ள இரும்பு துவர்ப்போடு சேர்ந்து இழைக்குள்ளேயே கருமையாகிறது. கடைசியில் சேற்றை அலசிவிடுகிறார்கள். அங்கே மண் வண்ணம் அல்ல, வினை செய்துவிட்டுப் போகும் விருந்தாளி. நம்முடைய கலம்காரியில் கடுக்காய்ப் பாலில் தோய்த்த துணிமேல், துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரால் கறுப்புக் கோடு இழுப்பதும் இதே வினைதான். இதைக் கேள்விப்பட்டுவிட்டு, செம்மண் தீட்டப்போகும் துணியையும் கடுக்காயில் ஊறவைப்பவர்கள் இருக்கிறார்கள். காவியிலுள்ள இரும்பு ஆக்சைடாக இறுகிக் கிடப்பது. அது கடுக்காயோடு எளிதில் சேராது. கிடைப்பது பழுப்பேறிய துணி மட்டும்.

அடுத்தது மண் எடுக்கும் இடம். சாலையோர மண்ணில் எண்ணெய்ப் பசை இருக்கும். தோல் பதனிடும் தொழில் நடந்த ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கத்து மண்ணில் குரோமியம் கலந்திருப்பது தெரிந்த செய்தி. அங்கே மண் எடுக்க வேண்டாம். மேலே வெள்ளையாகப் பூத்த உவர் மண்ணும் ஆகாது. ஏன் என்று, மண்ணைத் துணியில் பிடிக்கவைக்கும் சோயாப் பால் பற்றிப் பேசும்போது சொல்கிறேன். கரிசல் மண்ணின் கறுப்பைப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் களிமண் அது. கோடை வயலில் பாளம் பாளமாகப் பிளப்பதைப் போலவே துணியிலும் பிளக்கும். காய்ந்ததும் நிறமும் கறுப்பாக இராது, ஒருவிதச் சாம்பல் பழுப்பாக நிற்கும்.

இனி, எல்லாரும் அவசரப்படுகிற இடம். மண்ணை இடித்து, மாவுச் சல்லடையில் சலித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதவே போதாது. தேரி மணலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி வெறும் குவார்ட்ஸ் மணல், அதன்மேல் மெல்லிய செந்தோலாக இரும்பு ஆக்சைடு படிந்திருக்கிறது. சல்லடையில் எத்தனை முறை சலித்தாலும் மணல் மணலாகவே விழும். மண்ணைத் தண்ணீரில்தான் பிரிக்க வேண்டும். செய்யாறு அருகே ஜடேரியில் நாமக்கட்டி செய்பவர்களிடம் பார்த்துக் கற்க வேண்டிய வேலை இது. வெள்ளை மண்ணை நீரில் கரைத்து, வடித்து, தெளியவைத்து, அடியில் படிந்த விழுதைத்தான் உருட்டிக் காயவைக்கிறார்கள். அந்த நாமக்கட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நெற்றியில் கீறாமல் வழுக்கிக்கொண்டு இழுபடுகிறதே, அந்த நயம் வடிப்பதால் வருவது.

வீட்டில் செய்வதற்கு மூன்று வாளிகள் போதும். முதல் வாளியில் மண்ணைக் கொட்டி நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். அரை நிமிடம் பொறுத்து, மேலே மிதக்கும் கலங்கல் நீரை மட்டும் அடுத்த வாளிக்குச் சாயுங்கள். அடியில் தங்கிய மணலை ஒதுக்கிவிட்டு, கலங்கலை மறுபடி கலக்கி, இம்முறை ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்துச் சாயுங்கள். மூன்றாம் முறையும் செய்தால் நல்லது. கடைசி வாளியை ஓரிரு நாள் அசைக்காமல் வைத்து, தெளிந்த நீரை இறுத்துவிட்டு வண்டலைத் தட்டில் காயவிடலாம். காய்ந்ததில் துளி எடுத்து இரண்டு நகங்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நறநறப்பு இருந்தால் இன்னொரு முறை வடிக்க வேண்டும். எனக்கு ஒரு வாளித் தேரி மணலில் ஒரு கைப்பிடி வண்டல் தேறினால் அதிகம். மலைத்துப்போக வேண்டாம், அந்த ஒரு கைப்பிடியில் நாலைந்து பைகள் தீட்டலாம். என் வேட்டியின் மர்மமும் இதுதான். மழைநீர் என் முரட்டு மண்ணை எனக்காக வடித்து, நுண்துகளை மட்டும் வேட்டிக்கு அனுப்பியிருக்கிறது.

மஞ்சள் மண் கிடைத்தால் அதில் பாதியை இரும்புச் சட்டியில் போட்டு வறுத்துப் பாருங்கள். கோத்தைட்டிலுள்ள நீர் வெளியேறி ஹேமடைட் ஆகும், மஞ்சள் சிவப்பாகும். சூடு 250 பாகை செல்சியஸைத் தாண்ட வேண்டும் என்பதால் மெல்லிய தீயில் லேசாகப் புரட்டிவிட்டு நிறம் மாறவில்லை என்று சலித்துக்கொள்ளக் கூடாது. சிவந்தபின் அது மஞ்சளுக்குத் திரும்பாது. ஆகவே பாதியை எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மஞ்சள் மண் மங்கலாக இருக்கிறதே என்று சமையல் மஞ்சளைக் கலப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வெயிலில் அது சில நாளில் வெளிறும், சவர்க்காரம் பட்டால் சிவக்கும். மண்ணின் உறுதியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மண் என்றால் ஆபத்தில்லை என்பதும் பிழை. நாட்டு மருந்துக் கடைகளில் புழங்கும் பெயர்களைப் பாருங்கள். அரிதாரம், மனோசிலை இரண்டும் ஆர்சனிக். சாதிலிங்கம் பாதரசம். ஈயச் செந்தூரம் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. எல்லாம் பூமியிலிருந்து வந்தவை அல்லது அதையொட்டிச் செய்தவை, எல்லாமே கண்ணைப் பறிக்கும் நிறங்கள், எல்லாமே நஞ்சு. ஒருகாலத்தில் அரிதாரத்தை முகத்தில் பூசி ஆடியதால்தான் ஒப்பனைக்கே அந்தப் பெயர் வந்தது. அதற்காக நாமும் பூச வேண்டியதில்லை. சாதாரணச் செம்மண்ணைக்கூட உலர்வாக இடித்தால் எழும் தூசியில் சிலிக்கா இருக்கும், நுரையீரலுக்குக் கெடுதி. ஈரமாக அரையுங்கள், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். மண் அரைத்த மிக்ஸி ஜாரில் மறுபடி சட்னி அரைக்காதீர்கள்.

கடையில் வாங்கும் காவிப்பொடியில் சாயப்பொடி கலந்திருக்கலாம். சிட்டிகை எடுத்து ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் போட்டு ஓர் இரவு வையுங்கள். மண்ணானால் மேல்நீர் தெளியும். கலங்கல் இல்லாமலே நீர் சிவப்பாக நின்றால் அது சாயம்.

இப்போது பிடிப்புக்கு வருவோம். வேலம் பிசின் நீரில் இளகும், மைதாப் பசையும் அப்படித்தான். காகிதத்துக்குச் சரி, துவைக்கும் துணிக்கு வீண். செயற்கைப் பசைகள் பிடிக்கும், ஆனால் துணி அப்பளம்போல விறைக்கும். நான் சோயாப் பாலுக்கு வந்து சேர்ந்தேன். ஜப்பானியத் துணி ஓவியர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது அது. அதிலுள்ள புரதம் மெல்லிய படலமாகப் படிந்து, நாள் செல்லச் செல்ல இறுகி, துகளை இழையோடு கட்டிவைக்கிறது. 100 கிராம் சோயாவை இரவு ஊறவைத்து, அரை லிட்டர் தண்ணீரில் அரைத்து, மெல்லிய துணியில் பிழிந்தால் முதற்பால். அது வண்ணம் குழைக்க. சக்கையில் மறுபடி நீர் விட்டுப் பிழியும் இரண்டாம் பால், துணியை முன்கூட்டியே நனைத்துக் காயவைக்க.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு தவறு உண்டு. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் சோயா அரைப்பது. கால்சியமும் மக்னீசியமும் சோயாப் பாலைத் திரிக்கும். சோயாப் பாலில் பன்னீர்போல டோஃபு செய்பவர்கள் வேண்டுமென்றே செய்வதை நாம் தெரியாமல் செய்துவிடுகிறோம். மண்ணிலுள்ள உப்பும் இதையே செய்யும் என்பதால்தான் உவர் மண்ணை வேண்டாம் என்றேன். வெள்ளை நிறம் வேண்டுமென்று சுண்ணாம்பையோ ஜிப்சத்தையோ கலந்தாலும் கிண்ணத்தில் பால் கட்டிக் கட்டியாகத் திரண்டுவிடும். வெள்ளைக்கு நாமக்கட்டியே போதும். சோயா அரைக்க மழைநீரோ குடிநீரோ எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் வரும் சர்க்கரை போட்ட சோயாப் பால் இதற்கு உதவாது. நம் வெயிலில் பால் அரை நாளில் புளிக்கும், அன்றன்று வேண்டியதை அன்றன்று அரைப்பதே சரி.

துணியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. புதுக் காடாவில் கஞ்சியும் பஞ்சின் மெழுகும் இருக்கும். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து அலசுங்கள். காய்ந்த துணியில் ஒரு சொட்டு நீர் விட்டால் முத்தாக நிற்காமல் உடனே உறிஞ்ச வேண்டும். பட்டுத் துணியையும் கம்பளியையும் மட்டும் சோடாவில் வேகவைத்துவிடாதீர்கள், கெட்டுவிடும். பாலியஸ்டர் கலந்த துணியில் மண் சரியாகப் பிடிக்காது.

தீட்டும்போது கை கனக்கும். ஈரத்தில் அடர்ந்து தெரியும் மண் காய்ந்ததும் இரண்டு படி வெளிறும். அதைப் பார்த்துப் பதறி, கோலத்துக்குக் காவி இடுவதுபோல் அப்பினால், மேலே தடித்த பகுதி முதல் மடிப்பிலேயே உதிரும். வண்ணம் பசும்பால் அளவுக்கு நீர்த்திருக்க வேண்டும். ஒரு பூச்சு, முழுக்கக் காய்ந்தபின் அடுத்தது. மூன்று பூச்சில் வரும் நிறம் ஒரே பூச்சில் வராது. இடையிடையே கிண்ணத்தைக் கலக்க மறந்தால் மேலே வெறும் பாலும் அடியில் வண்டலுமாகி, ஓவியத்தின் பாதி வெளிறியும் பாதி திட்டாகவும் இருக்கும்.

பிறகு பொறுத்திருக்க வேண்டும். மாலையில் தீட்டி மறுநாள் துவைத்துப் பார்க்கிற ஆவல் எனக்கும் உண்டு, அதனால் இழந்த துணிகளும் உண்டு. இப்போது காற்றோட்டமான நிழலில் மூன்று வாரம் கொடியில் விட்டுவிடுகிறேன். குறைந்தது ஒரு வாரமாவது விட வேண்டும். முதல் அலசலில் கொஞ்சம் மண் நீரில் இறங்குவது இயல்பு, பிடிபடாத துகள்தான் அது. குளிர்ந்த நீர், மென்மையான சவர்க்காரம், கைத்துவையல். கல்லில் அடிப்பதும் பிரஷ் போடுவதும் வேண்டாம். இஸ்திரியைத் துணியின் பின்பக்கத்தில் போடுங்கள். எவ்வளவு பக்குவமாகச் செய்தாலும் உரசும் இடத்தில் மண் தேயும் என்பதால், உட்காரும் மெத்தை உறையைவிடத் தோள்பைக்கும் சுவரில் தொங்கும் துணிக்கும் சேலைத் தலைப்புக்கும் இது பொருத்தம்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஈரக் காற்றில் பூச்சு காய்வதற்குள் பால் புளித்து நாற்றமெடுக்கும், சரியாக இறுகாத துணியை மடித்துப் பீரோவில் வைத்தால் புரதத்தைத் தேடிப் பூச்சி வரும். நான் தை பிறந்தபின்தான் சோயாவை ஊறப்போடுகிறேன். மழைக்காலத்தில் மண் வடிக்கும் வேலையை முடித்து, வண்டலை டப்பாக்களில் ஊர்ப்பெயர் எழுதி வைத்துக்கொள்வேன். வடிக்க வேண்டிய தண்ணீரும் அப்போது வானத்திலிருந்தே கிடைக்கிறது.