மலைக்காட்டு லிவர்வொர்ட்களைத் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெப்பமண்டல மேகக்காடுகளில் அருகிவரும் லிவர்வொர்ட்களை (பாசிபோல ஒட்டி வளரும், பூக்காத சிறு செடிகள்) தேடப் புதிதாக வருகிறவர்களோடு நடக்கும்போது, நாங்கள் ஆரம்பத்தில் செய்த பிழைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. அனுமதியில்லாமல் பறிப்பது, இடத்தைக் குறிக்காமல் விடுவது பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

மார்க்கான்ஷியாவையே தேடுவது

பாடப்புத்தகத்தில் பார்த்த மார்க்கான்ஷியா என்ற லிவர்வொர்ட்டின் தட்டையான உடலத்தை மனதில் வைத்துக்கொண்டு தரையையே பார்க்கிறார்கள். லிவர்வொர்ட்களில் பெரும்பாலானவை இலையுள்ளவை. கிளைகளிலும் உயிருள்ள இலைகளின் மேலும் ஒட்டிக்கொண்டிருக்கும் அவற்றை மாஸ் (சாதாரணப் பாசிச்செடி) என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். லிவர்வொர்ட் இலையில் நடுநரம்பு இருக்காது. தண்டின் இருபுறமும் இரண்டு வரிசை இலைகள் இருக்கும். பலவற்றில் அடிப்பக்கம் மூன்றாவது வரிசையாகச் சிறிய அடியிலைகளும் உண்டு. அதனால் செடியைப் புரட்டி, லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

பிளாஸ்டிக் பையில் நாள்கணக்கில் வைப்பது

பூஞ்சை பிடிக்கும். காகித உறைதான் சரி.

உலர்த்திவிட்டு, அப்புறம் பார்ப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். லிவர்வொர்ட் செல்களுக்குள் சவ்வால் சூழப்பட்ட எண்ணெய்த் துகள்கள் இருக்கின்றன. வேறெந்தத் தாவரக் குழுவிலும் இவை இல்லை. ஒரு செல்லில் எத்தனை, என்ன நிறம், வழவழப்பா மணிமணியாகவா என்பதை வைத்தே பல இனங்களைப் பிரிக்கிறோம். ராடுலா என்ற லிவர்வொர்ட் பேரினத்தில் செல்லுக்கு ஒன்றிரண்டு பெரிய பழுப்புத் துகள்கள் இருந்தால் பார்த்ததுமே தெரிந்துவிடும். ஆனால் பெரும்பாலான இனங்களில் செடி காய்ந்ததும் இவை சிதைந்துவிடும். பிறகு தண்ணீர் ஊற்றினாலும் திரும்ப வராது.

ஆங்கிலேயத் தாவரவியலாளர் ரிச்சர்ட் ஸ்புரூஸ் 1849 முதல் 1864 வரை அமேசானிலும் ஆண்டிஸ் மலைகளிலும் சேகரித்த மாதிரிகளை ஆய்வாளர்கள் இன்றும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். காய்ந்துபோன அந்த மாதிரிகளில் எண்ணெய்த் துகள்களைத் தேடிப் பயனில்லை. நம்மிடமோ கேமரா பொருத்திய நுண்ணோக்கி இருக்கிறது!

பயிற்சிக்கு வந்த ஒருவர், லெஜூனியா குடும்பத்தைச் சேர்ந்த, அரிதாகத் தோன்றிய ஒரு செடியை ஒரே ஒரு கிளையில் கண்டெடுத்தார். அன்றிரவே உறைகளை ஹீட்டர் பக்கத்தில் அடுக்கி உலர்த்திவிட்டார். கடைசியில் அது இரண்டு இனங்களில் எது என்று முடிவு செய்ய எண்ணெய்த் துகள் தேவைப்பட்டது. மறுபடி போனபோது அந்தக் கிளை முறிந்து வெயிலில் கிடந்தது. மிச்சமிருந்த செடியும் செத்துவிட்டது. பெயர் உறுதியாகாத செடியை ஆபத்திலுள்ள இனமாகப் பதிவு செய்ய முடியாது. உறுதி செய்யலாம் என்று மறுபடி பறித்தால், இருக்கிற கொஞ்சமும் குறைகிறது.

பறித்த அன்றே ஒரு இலையை வெறும் தண்ணீரில் வைத்து, 400 மடங்கு பெரிதாக்கிப் படம் எடுங்கள். ஆல்கஹால் வேண்டாம், துகள்கள் கரைந்துவிடும்.

திட்டு முழுவதையும் பெயர்ப்பது

ஒரு சிட்டிகை போதும்.

இலைமேல் வளர்வதைச் சுரண்டுவது

சுரண்டினால் அடியிலையும் வேரிழையும் பிய்ந்துவிடும். தாங்கியிருக்கும் இலையில் ஒரு துண்டோடு வெட்டி எடுங்கள்.

தரையிலிருந்து பார்த்துவிட்டு "இல்லை" என்று எழுதுவது

பல இனங்கள் மரத்தின் உச்சிக் கிளைகளில் வாழ்கின்றன. புதிதாக விழுந்த கிளை கண்ணில் பட்டால் அடியிலிருந்து நுனிவரை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு குறிப்பேட்டைத் திறங்கள்.