நவஹோ கோரையைத் தேடிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

கோரை என்றால் நமக்கு வயல் வரப்பும் பாயும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அரிசோனாவின் வடக்கிலும் யூட்டாவின் தெற்கிலும் நவஹோ கோரை என்று ஒன்று இருக்கிறது. பாலைவனத்துச் செங்குத்துப் பாறையில் நீர் கசியும் இடங்களில்தான் அது வளரும். கேரெக்ஸ் ஸ்பெக்யூயிகோலா என்று அறிவியல் பெயர், குகையில் வசிப்பது என்று பொருள். 1985-இல் அமெரிக்க அரசு இதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது.

இந்தக் கோரையின் கணக்கெடுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் நான் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். தண்ணீரும் தொப்பியும் மறப்பதெல்லாம் ஒரே வெயிலில் திருந்திவிடும். மற்றவை அப்படியல்ல.

கசிவின் மேல் கால் வைப்பது

மழையும் பனியும் நவஹோ மணற்கல் என்ற அந்தப் பகுதிப் பாறைக்குள் மெல்ல இறங்குகின்றன. அடியில் நீர் எளிதில் புகாத அடுக்கு தடுத்ததும் பக்கவாட்டில் நகர்ந்து பாறை முகத்தில் கசிகின்றன. அந்த ஈரத்தில் ஒட்டியிருக்கும் மண் பல இடங்களில் விரற்கடை ஆழம்கூட இருக்காது. வேரும் பாசியும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன.

முதல் வருடம், கதிரைக் கிட்டத்தில் படம் எடுக்க ஒரு எட்டு மேலே வைத்தேன். பூட்ஸ் வழுக்கியது. ஈரச் சாக்கை உரித்தாற்போல் ஒரு முழத்துக்கு மண்ணும் வேருமாகக் கழன்று வந்தது. அடியில் வெறும் செம்பாறை. திரும்ப எடுத்து அப்பினேன், நிற்கவில்லை. இந்தக் கோரை பெரும்பாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டால்தான் பரவும், விதையை நம்பி இருக்க முடியாது. மறு வருடமும் அந்த இடம் மொட்டையாகவே கிடந்தது.

போன முறை, இங்கே படிக்க வந்த ஒரு தம்பி அதே மாதிரி காலைத் தூக்கினார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். "ஒரே ஒரு படம்ண்ணே" என்றார். ஆடு மாடு மிதிப்பதால் செடி போகிறது என்று எழுத வந்த நாமே மிதிக்கலாமா? இன்னமும் கோபம் வருகிறது. உலர்ந்த பாறையில் நின்று பைனாகுலரில் பாருங்கள். தெரியவில்லையா, சரி, "தெரியவில்லை" என்றே குறிப்பேட்டில் எழுதுங்கள்.

ஒவ்வொரு கொத்தையும் ஒரு செடியாக எண்ணுவது

பத்துக் கொத்தும் ஒரே செடியாக இருக்கலாம். பரப்பை எழுதுங்கள்.

இலையைப் பார்த்தே பெயர் சொல்வது

கோரை வகைகளின் இலை ஒன்றுபோலவே இருக்கும், காயை வைத்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும். காய் முற்றட்டும்.

அனுமதி வாங்காமல் போவது

அது பெரும்பாலும் நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் நிலம். போகவே போகாதீர்கள்.

செடியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது

ஈரக்கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒவ்வொரு முறையும் அளந்து வையுங்கள். அப்புறம் ஊற்றிலிருந்து குழாயோ தொட்டியோ போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். நான் பார்த்த ஓரிடத்தில் கோரை பச்சையாகத்தான் இருந்தது. அதன் ஓரத்துப் பாசி மட்டும் காய்ந்து விரலில் பொடிந்தது.