கல்நார் கூரைக் கழிவைக் கட்டி மலையிறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களின் பழைய லயன் வீடுகளிலும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) கிடங்குகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார் ஷீட்டைக் கழற்றிவிட்டுத் தகரம் போடும் வேலைக்குப் புதிய குழுக்கள் வந்துகொண்டிருக்கின்றன. கூரையிலிருந்து தவறி விழாமல் இருப்பதையும் கையுறை அணிவதையும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கழற்றிய ஷீட் தரைக்கு வந்தபின், அதைக் கட்டி மலையிலிருந்து இறக்கும்வரை நடப்பவையே எனக்குக் கவலை தருகின்றன. நாங்கள் தொழில் பழகிய காலத்தில் எல்லாக் குழுக்களும் செய்த தவறுகள் இன்றும் அப்படியே தொடர்கின்றன.

உடைத்துக் கட்டுவது

இதை மட்டும் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தோட்டத்துச் சாலை குறுகலானது. லாரி உள்ளே வராது. சிறிய பிக்அப் வண்டிதான் வரும். 3 மீட்டர் நீள ஷீட் அதில் அடங்காது என்பதால் சுத்தியலால் இரண்டாகவும் நான்காகவும் உடைத்து அடுக்கிவிடுகிறார்கள். முழு ஷீட்டில் கல்நார் இழை சிமெண்டுக்குள் இறுகிக் கிடக்கிறது; சுத்தியலின் ஒவ்வோர் அடியும் அந்த இறுக்கத்தைக் குலைத்து இழையைக் காற்றில் விடுகிறது. நுரையீரலின் ஆழம்வரை செல்லும் இழை 3 மைக்ரானைவிட மெல்லியது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் மிதக்கக்கூடியது. எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. ஆனால் நோய் வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகும் என்பதால், இன்று உடைப்பவருக்கு ஒரு இருமலும் வருவதில்லை. எச்சரிக்கை எடுபடாமல் போவதற்கு அதுவே காரணம்.

பனிமூட்டத்தில் ஷீட் நனைந்திருக்கிறது, ஆகவே தூசி பறக்காது என்று சிலர் வாதிடுகிறார்கள். மூட்டம் நனைப்பது மேற்பரப்பை மட்டுமே. உடையும்போது திறக்கும் புது விளிம்பு உலர்ந்தே இருக்கும்.

குன்னூர்ப் பக்கத் தோட்டம் ஒன்றில் ஒரு குழு, உடைத்த துண்டுகளை உரச் சாக்குகளில் திணித்து, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டி அனுப்பியது. மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாய்ந்து நிமிரும்போதெல்லாம் துண்டுகளின் கூரிய முனைகள் சாக்கைக் கிழித்திருக்கின்றன. கீழே தார்ப்பாயை அவிழ்த்தபோது வண்டியின் தளம் முழுவதும் சாம்பல் நிறத் தூள் படிந்து கிடந்தது. மறுநாள் அதே வண்டியில் கேரட் ஏற்றுவதாக ஏற்பாடு. வண்டிக்காரர் அந்த வாடகையை இழந்தார். தளத்தை ஈரத்துணியால் திரும்பத் திரும்பத் துடைத்து, அந்தத் துணிகளையும் கழிவோடு சேர்த்துக் கட்டி, சாக்குகள் அனைத்தையும் மறுபடி சுற்ற வேண்டியதாயிற்று. உடைத்ததால் மிச்சமான ஒரு நடை வாடகையைவிடப் பன்மடங்கு கூடுதலாகச் செலவழிந்தது. அந்தத் தூளை மலைப்பாதையில் பின்னால் வந்தவர்கள் எவ்வளவு சுவாசித்தார்கள் என்பதை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

செய்ய வேண்டியது கடினமானதன்று. ஷீட்டைக் கூரைச் சட்டத்தோடு பிணைக்கும் ஜே போல்ட்டுகளை வெட்டி எடுத்து ஷீட்டை முழுதாக இறக்கி, இருவராகப் பிடித்து, லாரி நிற்கும் இடம்வரை நடந்தே கொண்டுசெல்லுங்கள். அதற்கு ஆகும் கூலியை ஒப்பந்தத் தொகையிலேயே முதலில் சேர்த்துவிடுங்கள். சோப்புத் திரவம் சில சொட்டுகள் கலந்த நீரைக் கைப்பம்பினால் மென்மையாகத் தெளித்து இரு பக்கமும் நனையுங்கள். மரத்தட்டின்மேல் 200 மைக்ரான் பாலித்தீனை விரித்து, ஷீட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கி, இரண்டு அடுக்காகச் சுற்றி, ஒவ்வொரு மடிப்பையும் டேப்பால் ஒட்டி மூடுங்கள். முன்பே உடைந்து கிடந்த துண்டுகளைத் தனியாக இரட்டைப் பைகளில், பாதி அளவுக்கு மட்டும் நிரப்பி, வாயை முறுக்கி மடித்து ஒட்ட வேண்டும்.

துடைப்பத்தால் கூட்டுவது

கூடாது. ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள்.

துணி முகக்கவசம்

இழையைத் தடுக்காது. முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் பி100 அல்லது எஃப்எஃப்பி3 என்ற, நுண்தூசியை வடிகட்டும் தரக் கவசம் தேவை.

குழியை நிரப்புவது

உடைந்த ஷீட்டைத் தோட்டத்துப் பாதையின் குழிகளில் கொட்டி மண் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வண்டிச் சக்கரங்கள் அதைக் கோடையில் பொடியாக்குகின்றன. மழை அந்தப் பொடியை ஓடைக்குக் கொண்டுபோகிறது. ஓடையோரச் சதுப்பில் கொட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

தாள்கள் இல்லாமல் புறப்படுவது

2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் கைவிடப்பட்ட கல்நார் இடம்பெற்றிருக்கிறது. சிப்பத்தின்மேல் 8ஆம் படிவப்படி அடையாளச் சீட்டு, ஓட்டுநரிடம் 9ஆம் படிவத்தில் அவசரகாலக் குறிப்பு, கழிவோடு 10ஆம் படிவத்தில் ஏழு பிரதிகள் கொண்ட அனுப்புகைச் சீட்டு ஆகியவை இருக்க வேண்டும். கழிவைப் புதைக்கும் பொது நிலையங்களில் ஒன்று மாநிலத்தின் மறுமுனையில், கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. அவ்வளவு தூரத்துக்குப் பாதி லாரியாக அனுப்பக் கட்டுப்படியாகாது என்பது உண்மைதான். விதிகள் 90 நாள்வரை இருப்பு வைக்க இடம் தருவதால், சுற்றிக் கட்டிய ஷீட்டுகளைப் பூட்டிய கொட்டகையில் வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஒரே நடையாக அனுப்பலாம். அடையாளச் சீட்டை மழையில் அழியாதபடி வெளியுறைக்குள் தெரியுமாறு வையுங்கள்.

வேலை உடையோடு வீடு திரும்புவது

உடையை நனைத்து, அங்கேயே கழற்றி, கழிவுப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். வீட்டில் துவைப்பவருக்கும் அதே இழைதான்.